மாமியை மெலிய வைத்த சமையல்

வாய்ச்சண்டையில் ஒருநாளும் என்னிடம் தோற்றறியாத என் அருமை மாமிக்கு,

நீங்கள் செத்து முப்பத்தோராம் நாளில் வருகிற அந்தியேட்டிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. கீரிமலைத் தீர்த்தத்துக்குப் போக வாடகை வான் பிடித்தாயிற்று, சமையலுக்கு ஆள் சொல்லியாயிற்று. அன்றைக்கு வருகிறவர்களின் கையில் உங்கள் நினைவாகக் கொடுக்கிற கல்வெட்டுப் புத்தகம்தான் பாக்கி. உங்கள் படம், சிவபுராணம், தேவாரம் எல்லாம் அச்சகத்துக்குப் போய்விட்டன. ‘மருமகள் புலம்பல்’ என்று அச்சகக்காரர் தன்னிடம் இருந்த பாட்டு ஒன்றையும் சேர்த்திருக்கிறார். அதில் நான் உங்களைக் குலதெய்வமே என்று கூப்பிடுகிறேன். சிரிக்காதீர்கள், எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது.

கடைசியில் நான்கு பக்கம் வெறுமையாகக் கிடக்கிறதாம். முந்தநாள் கனடாவிலிருந்து உங்கள் மகள் வட்ஸப்பில் வந்தாள். “மச்சாள், அம்மாவை ஒம்பது கிலோ குறைச்ச சமையலை நீங்களே எழுதித் தாங்கோ. வாற சனத்துக்குப் பிரயோசனமாய் இருக்கும். இஞ்சை எல்லாரும் புரோட்டீன் புரோட்டீன் எண்டுதான் திரியினம். உங்களைப் போலை ஒரு மருமகள் கிடைக்க அம்மா குடுத்து வைச்சிருக்கோணும்” என்றாள். நான் மறுத்துப் பேசவில்லை. புகழ்ச்சி யாருக்குக் கசக்கும்?

ஆகவே எழுத உட்கார்ந்தேன். முதலில் பயறு. இரவு ஊறப்போட்டு, காலையில் வடித்து, ஈரத்துணியில் கட்டி வைத்தால் அடுத்த நாள் முளை விட்டிருக்கும். அரை அவியலாக அவித்து, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் அரிந்து போட்டு, ஒரு கரண்டி தேங்காய்ப்பூ, தேசிக்காய்ப் புளி. காலைச் சாப்பாடு முடிந்தது. முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு, “உதென்ன பிள்ளை, புழு அவிச்சு வைச்சிருக்கிறாய்?” என்று கேட்டீர்கள்.

இரண்டாவது முருங்கையிலை முட்டை வறை. ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய்க்கு மேல் விடக்கூடாது. வெங்காயம் வதங்கியதும் ஒரு பிடி முருங்கையிலை, மிளகுத்தூள், பிறகு ஒரு முழு முட்டையும் இரண்டு முட்டையின் வெள்ளையும். அடுப்பைக் குறைத்துக் கிளறி இறக்க வேண்டியதுதான். மத்தியானத்துக்கு மீன். பாரைத் துண்டில் மஞ்சள், உப்பு, மிளகு, பூண்டு பூசி, நம்முடைய நீர்வேலி வளவில் இல்லாத வாழையிலையா, அதில் சுற்றி ஆவியில் அவிப்பது. எண்ணெயும் இல்லை, தேங்காய்ப்பாலும் இல்லை. வெள்ளிக்கிழமையில் மீனுக்குப் பதில் அவித்த கடலை. இரவுக்குக் கொள்ளு ரசமும், சுடுதண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த சோயாமீற் பிரட்டலும்.

இதில் எதுவும் பொய்யில்லை மாமி. எல்லாம் நல்ல சாப்பாடு. சதை கரையாமல் கொழுப்பு மட்டும் கரைய வேண்டுமென்றால் இப்படித்தான் சாப்பிட வேண்டும். பிழை சமையலில் இல்லை, பரிமாறின ஆளில்தான் இருந்தது. இதை எழுதும்போது என் பேனா நின்றுவிட்டது. குறிப்புகளை மட்டும் எழுதி அனுப்பினால் நான் நல்ல மருமகளாக அச்சிலேயே ஏறிவிடுவேன். எல்லாவற்றையும் எழுதினால் ஊரில் தலை காட்ட முடியாது.

முதலில் உங்கள் பங்கைச் சொல்லிவிடுகிறேன், செத்தவர் என்று விட்டுவைக்கப் போவதில்லை. கலியாணமாகி நான்காம் நாள் வந்திருந்த சனத்துக்கு முன்னால், “கதிரை பழசு பிள்ளை, பாத்து இரு” என்றீர்கள். மகன் பிறந்து மூன்று மாதத்தில், “பிள்ளையைப் பெத்துப்போட்டாய் சரி, வயித்தை எப்ப இறக்கி வைக்கப் போறாய்?” ஒரு பெண்பிள்ளையின் சாமத்திய வீட்டில் பந்தி நடுவில், “எங்கடை மருமகளுக்குச் சட்டை தைக்கிறவன் துணிக்கடைக்குப் பக்கத்திலை குடியிருக்கோணும்.” எல்லாரும் சிரித்தார்கள். உங்கள் மகனும் சிரித்தார், குனிந்து கொண்டு.

வாயால் சொன்னது பரவாயில்லை. கையால் செய்ததுதான் மறக்கவில்லை. பதினாறு வருடம் அந்தக் குசினியில் அகப்பை உங்கள் கையில் இருந்தது. எல்லாருக்கும் இரண்டு அகப்பைச் சோறு, எனக்கு ஒன்று. “உவளுக்கு உது காணும்” என்று ஒவ்வொரு மத்தியானமும் சொல்லித்தான் வைத்தீர்கள். நான் இரண்டாவது அகப்பை கேட்டதில்லை. நீங்கள் கிணற்றடிக்குப் போன பிறகு பானைக்குள் கை விட்டு நின்றபடியே தின்றிருக்கிறேன். அப்படித் தின்று தின்றுதான் பருத்தேன் என்று உங்களுக்குத் தெரியுமா?

பிறகு உங்கள் முழங்கால் போனது. எலும்பு டொக்டர் உங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “முதலிலை பத்துக் கிலோ குறைச்சுக்கொண்டு வாங்கோ அம்மா, பிறகு காலைப் பாப்பம்” என்றார். எனக்கு வந்த சிரிப்பை நான் உதட்டுக்குள் பிடித்து வைத்திருந்தது எனக்குத்தான் தெரியும். பக்கத்து அறையில் சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் பெண் ஒருத்தி தாள் ஒன்றைத் தந்தாள். வீட்டுக்கு வரும் வழியில் ஓட்டோவுக்குள் நீங்கள் சொன்னீர்கள்: “கண்ணாடியை விட்டிட்டு வந்திட்டன். என்ன எழுதியிருக்கு எண்டு வாசி பிள்ளை.”

வாசித்தேன். பயறு வாசித்தேன், முட்டை வாசித்தேன், மீன் வாசித்தேன். ‘மத்தியானம் குத்தரிசிச் சோறு, சிறிய கிண்ணம் ஒன்று’ என்று ஒரு வரி இருந்தது. அதை வாசிக்கவில்லை. யோசித்துச் செய்யவில்லை, கண் அந்த வரியைத் தாண்டியது. ஆனால் தாண்டிய பிறகு திரும்பி வந்திருக்கலாம். நான்கு மாதம் இருந்தது திரும்பி வர.

“சோறு ஒண்டும் போடேல்லையோ?” என்று கேட்டீர்கள்.

“இல்லை மாமி. சோறு முழுக்க நிப்பாட்டாம்.”

அன்றிலிருந்து அகப்பை என் கையில். உண்மையைச் சொல்லப் போனால் அந்த நாட்கள் எனக்கு இனித்தன. உங்கள் கதிரைக்கு எதிரே இவருக்கும் பிள்ளைகளுக்கும் ஆவி பறக்கச் சோறு வைப்பேன், நண்டுக் குழம்பை மேலே ஊற்றுவேன். புட்டவிக்கிற நாளில் புட்டு நிறைந்த நீத்துப்பெட்டியை உங்கள் பக்கமாகக் கவிழ்ப்பேன். பிறகு உங்களுடைய சாப்பாட்டுக் கோப்பையில் மீன் துண்டையும் கீரையையும் வைத்துவிட்டு, “உங்களுக்கு இது காணும் மாமி” என்பேன். நீங்கள் நிமிர்ந்து பார்ப்பீர்கள். அந்தப் பார்வைக்காகவே சமைத்தேன்.

ஒருநாள் நீங்கள் கெஞ்சினீர்கள். கத்தரிக்காய்ப் பால்கறி வைத்த நாள் அது. “ஒரு பிடி தா பிள்ளை. குழம்பிலை பிரட்டி வாயிலை வைக்க. ஒரு பிடியிலை என்ன ஊதப்போறன்?” உங்கள் வாயிலிருந்து அப்படி ஒரு குரல் வந்து நான் கேட்டதில்லை. “தாளிலை இல்லை மாமி” என்றேன். தாள் என் தலைக்கு மேலே, சுவர் ராக்கையில், கிளினிக் கொப்பிக்குள் மடித்துக் கிடந்தது.

இரண்டாம் முறை கிளினிக்கில் காட்டிவிட்டு வந்ததிலிருந்து நீங்கள் கேட்பதை நிறுத்திவிட்டீர்கள். வைத்ததைச் சாப்பிட்டுக் கை கழுவினீர்கள். அக்கம்பக்கத்தாரிடம் “மாமிக்கு இப்ப சோறே மறந்து போச்சு” என்று பெருமையடித்தேன். ஒன்பது கிலோ குறைந்தது. டொக்டர் மீதி ஒன்றை மன்னித்து ஒப்பரேசனுக்கு நாளும் தந்தார். அந்த நாளுக்குப் பதினொரு நாள் முந்தி, விடியற்காலையில், முற்றத்தைக் கூட்டப் போன நான் திரும்பி வரும்போது நீங்கள் கட்டிலில் கிடந்தபடியே போயிருந்தீர்கள். இதயமாம். “அவவின்ரை சாப்பாட்டுக்கும் இதுக்கும் ஒரு தொடர்புமில்லை, நீங்கள் நல்லாத்தான் பாத்திருக்கிறியள்” என்று டொக்டர் என் தோளைத் தட்டினார். எனக்குத் தண்டனை தரக்கூட ஒருவரும் இல்லை.

செத்த வீட்டில் உங்களுக்குக் கிடைத்த பாராட்டைக் கேட்டிருக்க வேண்டும். “என்ன வடிவாய் மெலிஞ்சு போனா!” என்று பெட்டிக்குப் பக்கத்தில் நின்று ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு கொள்ளு ரசம் எப்படி வைப்பது என்று கேட்டாள். நானும் சொன்னேன். கொள்ளை வறுத்துத்தான் அவிக்க வேண்டும் என்று, அழுகைக்கு நடுவில்.

எட்டாம் நாள் எட்டுச்செலவுக்கு உங்களுக்குப் பிடித்ததையெல்லாம் படைத்தோம். தலைவாழையிலையில் சோறு மலை போல. புட்டு, கத்தரிக்காய்ப் பால்கறி, நண்டு, பொரித்த மீன், உழுந்து வடை. “குறை வையாதை, அவ ஆசைப்பட்டதை அள்ளி வை” என்று உங்கள் தங்கை சொல்லச் சொல்ல நான்தான் வைத்தேன். ஐந்தாவது அகப்பைக்குப் பிறகு எண்ணவில்லை. பொழுதுபட அதை இவர் கொண்டுபோய் ஒழுங்கை முடிவில் வைத்துவிட்டு, வழக்கப்படி திரும்பிப் பாராமல் வந்தார். அடுத்த நாள் காலையில் நான் போய்ப் பார்த்தேன். நாய்கள் மீனையும் நண்டையும் தின்றுவிட்டுச் சோற்றை அப்படியே விட்டுப் போயிருந்தன.

உங்களுக்கு ஒரு புதினம் சொல்ல வேண்டும். நானும் ஆறு கிலோ குறைந்திருக்கிறேன். உங்களுக்குச் சமைத்த பயறிலும் மீனிலும் மிஞ்சியதைத் தின்றதால் வந்தது. பழைய சட்டைகள் தொளதொளக்கின்றன. இவர் கவனிக்கவில்லை, பிள்ளைகள் கவனிக்கவில்லை. என் உடம்பை ஒவ்வொரு நாளும் அளந்து பார்த்த ஒரே ஆள் நீங்கள்தான். நீங்கள் இல்லாதது எனக்குத் தாங்கவில்லை மாமி. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

இவ்வளவையும் எழுதி இன்று மத்தியானம் இவரிடம் கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டு வெளி விறாந்தையில் இருந்தார். ஓட்டோவில் நான் தாண்டிய வரி வரும் இடத்தில் அவர் முகம் மாறும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். மாறவில்லை. கடைசி வரை வாசித்துவிட்டுத் தாள்களைத் தட்டி அடுக்கினார்.

“எனக்குத் தெரியும்” என்றார்.

“என்ன தெரியும்?”

“சோறு விசயம். அம்மாவுக்கும் தெரியும். ரண்டாம் முறை கிளினிக்குக்குப் போகேக்கை, நீ மருந்தெடுக்க வரிசையிலை நிண்டனி. அந்தச் சாப்பாட்டுத் தாள் தந்த பெட்டை அம்மாவைக் கேட்டிருக்கிறா, மத்தியானம் தாற சோறு காணுதோ அம்மா எண்டு.”

“மாமி என்ன சொன்னவ?”

“காணும் பிள்ளை, மருமகள் அளவாத்தான் வைக்கிறாள் எண்டு சொன்னவவாம். வீட்டை வந்து எனக்கு மட்டும் சொன்னவ. நான் உன்னட்டைக் கேக்கட்டோ எண்டு கேட்டனான். வேண்டாம் எண்டிட்டா. ‘கேட்டு வாங்கித் தின்னமாட்டன். அவள் தானாய் வைக்குமட்டும் பாப்பன்’ எண்டவ.”

மூன்று மாதம் மாமி. மூன்று மாதம் ஒவ்வொரு மத்தியானமும் அந்தக் கதிரையில் நீங்கள் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறீர்கள். இன்றைக்காவது வைப்பாளா என்று. நான் நீத்துப்பெட்டியைக் கவிழ்த்தபோதும், “இது காணும்” என்றபோதும்.

“நீங்கள் எல்லாம் தெரிஞ்சுகொண்டு அவவுக்கு முன்னாலை இருந்து சோறு திண்டனீங்களோ?” என்று இவரைக் கேட்டேன்.

“ரண்டு பேருக்கும் நடுவிலை நான் என்னத்தைக் கதைக்கிறது?” என்றார். பதினாறு வருடமாக எனக்கும் இதே பதில்தான். தாள்களை என்னிடம் நீட்டி, “உந்தக் கதையை எடுத்துப் போடு. சமையல் குறிப்பை மட்டும் குடு. சனம் என்ன சொல்லும்?” என்றார். பிறகு தாழ்ந்த குரலில், “நான் சொன்னதையும் எழுதப் போறியோ?” என்று கேட்டார். எழுதிவிட்டேன்.

நான்கு பக்கமும் நிரம்பிவிட்டன. இன்று பின்னேரமே அச்சகத்துக்கு நானே கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். நீங்கள் என்னிடம் கேட்டு வாங்கவில்லை. நானும் உங்களிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை, தருவதற்கு நீங்கள் இல்லை. ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். இனி யாராவது என்னைப் பார்த்து, மாமியாரை நன்றாகப் பார்த்தவள் என்று சொன்னால், சந்தையோ கோயிலோ கலியாண வீடோ, சொன்ன வாய் மூடுமுன் அந்த இடத்திலேயே நின்று, ஓட்டோவில் தாண்டிய அந்த வரியை அவர்களுக்கு வாசித்துக் காட்டுவேன். நான் சாகும் வரைக்கும்.

இப்படிக்கு,
உங்களுக்குச் சோறு வைக்காத மருமகள்