ஓடைக்கரையில் பிடுங்கிய கன்றுகள்

லெட்சுமி,

நாம் ஆறாண்டாகக் காட்டுமரங்கள் நட்டுவரும் தோட்டத்து ஓடைக்கரைக்கு நீர்நாய்கள் குட்டிகளோடு வந்துவிட்டன. அது நம் குழுவின் சாதனை என்பதில் எனக்கு ஐயமில்லை, அடக்கமும் இல்லை.

நீ நாம் நட்ட முப்பது மெரந்தி மரக்கன்றுகளைக் களையென்று பிடுங்கிய அன்று, எல்லோர் முன்னிலையிலும் உன்னை அறிவிலி என்றேன். எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு அடியில் முளைத்ததையெல்லாம் நாற்பதாண்டு களையெடுத்த உன் கை வேறென்ன செய்யும் என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. அதன்பின் நீ வரவில்லை.

சென்ற ஞாயிறு நானும் ஆறு கன்றுகளைக் களையென்றே பிடுங்கினேன்.

"பாட்டனி படிச்ச டீச்சரே புடுங்கிட்டீங்களே லா. லெட்சுமிக்கா இருந்தா என்னா சொல்லும்?" என்றான் லாரி ஓட்டும் சத்தியசீலன். எல்லோரும் சிரித்தார்கள்; ஏச ஒருவருக்கும் துணிவில்லை.

வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு வா. எல்லோர் முன்னிலையிலும் என்னை ஏசு.

உன் அடுத்த வீட்டுக்காரி