ரேடியோவின் பங்கு

ராயபுரம்,
14-11-1953

அம்மாவுக்கு ரகுபதி வணங்கி எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வீக்கம் வடிந்ததா? மழையில் கிணற்றடிக்குப் போகாதீர்கள்.

இங்கே வேலையில் ஒரு சின்னச் சங்கடம், வேறொன்றுமில்லை. எண்ணூர்ப் பக்கம் ஒரு மீனவர் குப்பத்துக்கு எங்கள் சர்க்கார் ஆபீஸ் ரேடியோ கொடுத்திருந்தது. பாதிச் செலவு குப்பத்தாருடையது. பிடிக்கிற மீனில் ஓர் ஆளுக்குரிய பங்கை ரேடியோவுக்கென்று ஒதுக்கி, விற்றுக் கட்டிவந்தார்கள். ஐப்பசி பிறந்ததிலிருந்து மீன் படவில்லை, தவணை நின்றது. பேட்டரியைக் கழற்றிவர உத்தரவு. கழற்றியவன் நான்தான்.

நாலாம் நாள் ரேடியோவில் புயல் எச்சரிக்கை சொன்னார்கள். குப்பத்தில் கேட்க வழியில்லை. அப்பாவு என்பவரின் கட்டுமரம் திரும்பவில்லை.

அதன் பிறகு ஆபீஸில் தவணைக்கு அவகாசம் கொடுத்தார்கள். இன்று காலை பேட்டரியைச் சுமந்துகொண்டு போனேன். குப்பத்துத் தலைவர் கோதண்டம் கோபப்படவில்லை. "அந்தப் பங்கு இனிமே அப்பாவு பொண்டாட்டி மங்கைக்குப் போவுது. ரெண்டு பேருக்குக் குடுக்க எங்ககிட்ட மீன் இல்ல நைனா. ரேடியோ பொட்டிய நீயே எடுத்துகினு போ" என்றார்.

எனக்கு இப்போது மீன் குழம்பு இறங்கவில்லை. யாராவது வந்தால் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்புங்கள். பேட்டரி ஆசிட் பட்ட விரலுக்குக் கொஞ்சம் விளக்கெண்ணெயும் வேண்டும். தனியாக இருக்கிறேனே என்று கவலைப்படாதீர்கள். ஆபீஸ் திங்களன்றுதான் திறக்கும். அதுவரை ரேடியோ என் அறையில் இருக்கிறது. பேட்டரி மாட்டினேன், நன்றாகப் பாடுகிறது.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. இப்போதுதான் ரேடியோவில் சொன்னார்கள்: நாளை யாரும் கடலுக்குப் போக வேண்டாமாம்.

உங்கள் மகன்,
ரகுபதி