பெயிண்ட் காசு

பெங்களூர் நீலசந்திராவில் நீ குடியிருந்த வீட்டுக்கு நேற்று பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். வேறு வேலையாக அந்தத் தெருவில் போனவன், டிஸ்டம்பர் வாசனை மூக்கில் ஏறியதும் நின்றுவிட்டேன். கேட்டில் ஒரு தகரப் பலகை தொங்கியது. மேலே கன்னடத்திலும் கீழே தமிழிலும் ஒரே செய்தி: வீடு லீசுக்கு. யாரோ காலி செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பெயிண்ட் காசை அவர்கள் கணக்கில் பிடித்திருப்பார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் நீ இருந்திருந்தால் உனக்கு வந்திருக்காது.

இந்த ஊர் லீசைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் உன் கதையைப் பலருக்கும் சொல்லிச் சொல்லி அந்த விளக்கம் நாக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டது. மொத்தமாக ஒரு தொகையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டால் சில வருடங்களுக்கு வாடகை கிடையாது. காலி செய்யும்போது அதே தொகை திரும்ப வரும். அதை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகலாம். நீங்கள் அப்படிக் கொடுத்திருந்தது, உன் அப்பா ஆலையிலிருந்து ஓய்வு பெற்றபோது கிடைத்த பணம். அவர் போன பிறகு உன் அம்மாவுக்கு இருந்தது அவ்வளவுதான். அந்தப் பணத்துக்கு இருந்த ஒரே வேலை, அம்மாவின் தலைக்கு மேல் ஒரு கூரையாக இருப்பது.

தொண்ணூறுகளின் நடுவில், நாம் இருவரும் முப்பதைத் தொடாத காலம். ஒரே பத்திரிகையில் நான் நிருபர், நீ விளம்பரப் பிரிவு. வீட்டைத் தன் மகனுக்கு வேண்டும் என்று ஓனரம்மா கேட்டுவிட்டார். சாமான் ஏற்ற உதவிக்கு வந்திருந்த நான் அந்தக் காலைப் பொழுதை முழுதாகப் பார்த்தேன்.

"ஒரு மாச வாடகைய பெயிண்ட்டுக்குப் புடிச்சிக்கிறேன்பா. எல்லா வீட்லயும் அதே ரூல்சுதான்."

"வாடகையே இல்லாத வீட்ல ஏதும்மா ஒரு மாச வாடகை? இது லீசு வீடு."

"அய்யோ ராமா! சுவத்தப் பாருப்பா. அடுப்புக்கு மேல பூரா எண்ணெ. உங்கம்மா அடிச்ச ஆணியப் பாரு."

"ஆணி எங்களுது. எடுத்துக்கிட்டுப் போறோம்."

சொன்னதைச் செய்தாய். பக்கத்து வீட்டில் குறடு வாங்கி வந்து ஒவ்வொரு ஆணியாகப் பிடுங்கிக் கைக்குட்டையில் முடிந்தாய். "விட்றா, அந்தம்மா வாய்ல விழாத" என்றார் உன் அம்மா. "பாவம் பாத்தா பெங்களூர்ல குடித்தனம் பண்ண முடியாதும்மா" என்றாய். கடைசியில் ஓனரம்மா கையெடுத்துக் கும்பிட்டுப் பாதியைக் குறைத்துக்கொண்டார். விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு நோட்டுகளை எண்ணினாய். ஓரம் கிழிந்த ஒன்றை மாற்றி வாங்கினாய். படியிறங்கும்போது என் முதுகில் தட்டி, "பாத்தியாடா போஸ்ட்டாபீசு? காசுன்னா இப்படிப் புடிக்கணும்" என்றாய். நான் மாதாமாதம் தபால் நிலையத்தில் பணம் கட்டுகிறேன் என்பதற்காக நீ எனக்கு வைத்த பெயர் அது.

அன்று மாலையே அந்த நோட்டுக் கட்டை முழுசாக உன் அக்காவின் கணவரிடம், மாமாவிடம் கொடுத்தாய்.

பார்த்து வைத்த புது வீடு காலியாக இரண்டு மாதம் ஆகும். அதுவரை அம்மா பொம்மனஹள்ளியில் அக்கா வீட்டில், நீ பிரேசர் டவுனில் என் அறையில் என்று ஏற்பாடு. மாமாவுக்குத் தொழிற்சாலை வேலை. அது போக, ஒரு பைனான்ஸ் கம்பெனிக்கு ஆள் பிடித்துக் கொடுத்துக் கமிஷன் வாங்கிக்கொண்டிருந்தார். எந்த வங்கியும் தராத வட்டி. நீ நீட்டிய கட்டை அவர் எண்ணாமல் ரெக்சின் பைக்குள் போட்டார். காலையில் கிழிந்த நோட்டுக்குச் சண்டை போட்ட நீ, சும்மா உட்கார்ந்திருந்தாய்.

"ரசீது?" என்று நான்தான் கேட்டேன்.

உன் அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினார். "மாப்பிள்ளகிட்ட ரசீது கேட்டா நல்லாவா இருக்கும், தம்பி?"

மாமா சிரித்தார். "பாத்தீங்களா அத்தை, ரிப்போர்ட்டர் சார் என்னையே பேட்டி எடுக்கறாரு." எல்லோரும் சிரித்தார்கள். உன் சிரிப்புதான் உரக்கக் கேட்டது. மாப்பிள்ளையிடம் கேள்வி கேட்டால் அதற்கான பதிலை அக்கா வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். அந்தப் பயத்துக்கு உங்கள் வீட்டில் மரியாதை என்று பெயர்.

பிறகு வந்த ரசீதில் ஒரு வருட டெபாசிட் என்று இருந்தது. இரண்டு மாதத்தில் வேண்டிய பணத்தை ஒரு வருடத்துக்கு எதற்குக் கட்டினாய் என்று ஆபீசுக்கு எதிரே இருந்த டீக்கடையில் கேட்டேன்.

"எப்ப வேணா எடுக்கலாம்னு மாமா சொல்லிட்டாரு."

"ரசீதுல அப்படி இல்லியே?"

"டேய், நம்ம பேப்பர்லயே அரைப்பக்கம் விளம்பரம் குடுக்கற கம்பெனிடா அது."

"அந்த விளம்பரத்துக்குக் காசு வந்துச்சா?"

நீ டீயை ஊதினாய். விளம்பர பாக்கி வசூலிப்பது உன் வேலை. அவர்கள் பல வாரமாக இழுத்தடிக்கிறார்கள் என்று என்னிடம் புலம்பியதும் நீதான். "பெரிய கம்பெனிங்க எல்லாம் லேட்டாத்தான்டா குடுப்பாங்க" என்றாய். அரைப்பக்க விளம்பரத்துக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவர்கள் உனக்கு எங்கிருந்து வட்டி கொடுப்பார்கள்? இந்த ஊரிலேயே இதைத் தெரிந்துகொள்ள வசதியான நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் நீ.

முதல் மாத வட்டி வந்தது. எனக்குப் பிரியாணி, உனக்கு ஷூ. அடுத்ததும் வந்தது. அதற்குள் புது வீடும் காலியானது. நீ போகவில்லை. கொடுத்திருந்த டோக்கன் அட்வான்சை விட்டுவிட்டாய். "எப்படா வீடு?" என்று அம்மா கேட்டதற்கு, "இரும்மா, காசு குட்டி போட்டுக்கிட்டிருக்கு. இப்பப் போய்க் கலைக்கச் சொல்றியே" என்றாய். இதற்கு மாமா காரணமில்லை. இது உன் சொந்தப் புத்தி.

கம்பெனி ஷட்டரை இறக்கிய அன்று, கூட்டத்தைப் பார்த்து எழுத என்னை அனுப்பினார்கள். போலீஸ்காரர் ஒருவர் லத்தியால் தூணைத் தட்டி, "நடீரி, நடீரி" என்று ஆட்களை விரட்டிக்கொண்டிருந்தார். நகராமல் நின்றவர்களில் நீயும் ஒருவன். புது ஷூ போட்டிருந்தாய். என் கையில் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்ததும் கிட்டே வந்து, "என் பேரப் போட்டுடாதடா" என்றாய். போடவில்லை. 'தனியார் நிறுவன ஊழியர் ஒருவர்' என்று எழுதினேன். மறுநாள் அதைப் படித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கே" என்றாய்.

இரண்டு மாதத்துக்கு என்று போன உன் அம்மா, அதற்குப் பிறகு வாழ்ந்த வருடங்கள் எல்லாம் அந்த பொம்மனஹள்ளி வீட்டில், சமையலறைக்கும் கூடத்துக்கும் இடையில் பாய் விரித்துத்தான் வாழ்ந்தார். கமிஷனில் வாங்கிய ஸ்கூட்டர் வாசலில் நின்றது. மாமா அதை விற்கவில்லை. "நானும்தான் ஏமாந்தேன்" என்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம்.

"அத்தை, இன்னொரு தோசை போடச் சொல்லட்டா? இல்ல, வட்டி வந்ததும் சாப்பிட்டுக்கறீங்களா?"

உன் அம்மாவும் சிரித்தார். மாப்பிள்ளை தமாஷாகப் பேசினால் சிரிக்க வேண்டும் அல்லவா? உள்ளே அக்கா தோசைக்கல்லைச் சுரண்டும் சத்தம் மட்டும் பலமாகக் கேட்டது. நீ அங்கே இல்லை. அந்த வீட்டுக்குப் போவதை அதற்கு வெகு முன்பே நிறுத்திவிட்டிருந்தாய். அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்று சொல்லிக்கொண்டாய். அவர் உன் முகத்தைப் பார்க்க முடியாமல் கிடந்தது உனக்குத் தோன்றவில்லை.

என்னைப் பஸ் ஏற்றிவிட உன் அம்மா தெருமுனை வரை வருவார். எழுதப் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வி. "தம்பி, நம்ம பணத்தப் பத்திப் பேப்பர்ல ஏதாச்சும் போட்டிருக்கா?" கோர்ட்டில் இருக்கிறது என்பேன். கேஸ் நடந்த காலம் முழுதும் அந்தக் கோர்ட்டுக்குச் செய்தி எடுக்கப் போனவன் நான். அவரிடம் சொல்லும்படி அங்கே ஒன்றும் நடக்கவில்லை. புது வீட்டுக்குப் போவதற்காகக் கட்டி வைத்த பாத்திர மூட்டையை அவர் கடைசி வரை பிரிக்கவே இல்லை.

அவர் போனபோது நீ வந்தாய். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்கள் கலைந்த பிறகு, பாய் விரித்திருந்த இடத்துச் சுவரை மாமா காட்டினார். உன் அம்மா தலை சாய்த்த இடத்தில் எண்ணெய்க் கறை பெரிதாகப் படிந்திருந்தது.

"அத்தை படுத்திருந்த இடம். பாரு, எப்படிக் கிடக்கு. பெயிண்ட் அடிச்சாத்தான் போகும். ஆகற செலவுல பாதி நீ குடுத்துடு."

நீ ஏதாவது சொல்வாய் என்று நின்றேன். குறடு கேட்பாய் என்றுகூட நினைத்தேன். நீ சட்டைப் பையில் கையை விட்டாய்.

அதற்குப் பிறகு நீ வீடு பார்க்கவே இல்லை. நாலு பேரோடு அறை, மெஸ் சாப்பாடு. போன மழைக்காலத்தில் நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன், அந்தப் பணத்தைப் போலவே திரும்பி வரவில்லை. உன் டெபாசிட்டுக்கு இன்றுவரை ஒரு பைசா வரவில்லை. வந்தால் வாங்கிக்கொள்ளவும் ஆள் இல்லை.

இப்போது நம் ஆபீசுக்கு வரும் பிள்ளைகளுக்கு முதல் சம்பளத்தோடு கிரெடிட் கார்டும் வந்துவிடுகிறது. மாதம் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவிட்டு, கடன் இல்லை என்கிறார்கள். வங்கி தராத வட்டியை நண்பனின் அண்ணன் தருவான் என்கிறார்கள். புத்தி சொன்னால் யாரும் உட்கார மாட்டார்கள். அதனால் உன்னைச் சொல்கிறேன். செத்த பிறகும் நான் உன்னை விடவில்லை. வாடகையே இல்லாத வீட்டில் ஒரு மாத வாடகை ஏது என்று நீ கேட்டதையும் ஆணிகளைக் கைக்குட்டையில் முடிந்ததையும் சொன்னால் மேசையைத் தட்டிச் சிரிக்கிறார்கள். சிரிக்க விடுகிறேன். பிறகு பொம்மனஹள்ளிச் சுவரைச் சொல்கிறேன். அதோடு எல்லோரும் எழுந்து வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

ஒன்றை மட்டும் அவர்களிடம் சொல்வதில்லை. பையில் இருந்த நோட்டுகளை எண்ணாமல் அப்படியே மாமாவின் கையில் வைத்துவிட்டு, அன்று நீ கேட்டது.

"போதுமா மாமா?"