ஒரே ஒரு ஸ்டார்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ கோவிச்சுக்கிட்டுப் போனதிலிருந்து மெத்தைக் கடையோட ஆன்லைன் பக்கத்தை நான்தான் பார்த்துக்கறேன். காசு குடுத்து விளம்பரம் வேண்டாம், வர்ற விமர்சனத்துக்கெல்லாம் அன்னைக்கே பதில் போட்டாலே போதும்னு சொல்லிக்குடுத்தியே, அதை ஒரு நாளும் விட்டதில்லை. நீ எழுதிவெச்ச பதிலையே எல்லாருக்கும் ஒட்டிடுவேன்.

போன வாரம் பேர் போடாம யாரோ ஒரே ஒரு ஸ்டார் குடுத்திருந்தாங்க. "மெத்தை நல்லா இருக்கு. கடைக்காரர்தான் யாரையும் பேசி முடிக்க விடமாட்டார்." முழுசாப் படிக்காமலே, "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம், மீண்டும் வருக"ன்னு ஒட்டிட்டேன்.

சாயங்காலம் உங்கம்மா கண்ணாடி போட்டுக்கிட்டு அதை ரெண்டு தடவை படிச்சா. "இது நம்ம பொண்ணு எழுதினதுங்க"ன்னா. அப்புறம் துணி மடிக்கப் போயிட்டா.

புகார் குடுத்தா அந்த சைட்காரங்க விமர்சனத்தையே எடுத்துடுவாங்கன்னு உன் மாமா சொல்றார். ஒரு ஸ்டார் இருந்தா வியாபாரம் படுத்துடுமாம். வேண்டாம்னுட்டேன். இந்த ரெண்டு வருஷத்துல நீ கடைப்பக்கம் வந்துபோனதுக்கு அடையாளமா அது ஒண்ணுதான் இருக்கு.

என் பதிலை மட்டும் அழிச்சுட்டேன். மிச்சத்தையும் எழுது. நீ முடிக்கிற வரைக்கும் நான் குறுக்கே பேசல.

அப்பா