சாவுக்கு மட்டும் கூப்பிடுகிறார்கள்

12-11-1957
முப்பதாம் நாள் பூசை முடிந்தது. வாத்தியங்களைத் துடைத்து வைத்தேன். என் வீட்டுக்காரருக்கு ஒரு வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. ஆனால் இருபது வருடமாக அவர் சொல்லாமல் இந்த பேண்டு செட் கிளம்பியதில்லை. கல்யாணம் பேசுவது, வண்டி பிடிப்பது, குடித்துக் கிடப்பவனை எழுப்பிக் குளிக்க வைப்பது - எல்லாம் அவர்தான். இனி நான் பார்க்கிறேன் என்று ஆட்களிடம் சொன்னேன். 

20-11
நாகல் நகரில் ஒரு சாவு. போய் வாசித்தார்கள்.

27-11
இன்னொரு சாவு. கல்யாண வீட்டார் ஒருவரும் வரவில்லை. வெற்றிலை பாக்குத் தட்டு கைமாறினால்தான் கல்யாணத்துக்கு செட் பேசி முடிந்த மாதிரி. தாலி கழற்றியவள் கையில் அதை யார் கொடுப்பார்? சாவு வீட்டுக்குத் தட்டு வேண்டாம். அதனால் வருகிறார்கள்.

15-12
கிளாரினெட் வாசிக்கும் ராயப்பராஜ் வந்தார். என் வீட்டுக்காரருக்குத் தம்பி முறை. “தை முதல் முகூர்த்தத்துக்கு ஒரு கல்யாணமாச்சும் பிடிங்க மதினி. இல்லேன்னா நாங்க மதுரை செட்டுக்குப் போறோம். புள்ளகுட்டிக்காரங்க.”
பெரிய டிரம் மொக்கைச்சாமி, “நாம வாரதைப் பாத்தாலே நாய் ஊளையிடுதுக்கா” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.
இவர்கள் போய்விட்டால்? அவர் போனது போதாதா, இந்த செட்டும் சாகணுமா?

17-1-1958
அய்யலூர்ச் சந்தையில் ஆடு விற்கும் முத்துப்பேச்சி வந்தாள். வியாழக்கிழமை மகளுக்குக் கல்யாணம். அவளும் புருஷனை இழந்தவள். தட்டை அவளே நீட்டினாள்.
“எங்கண்ணன் கையில குடுத்துவிடுன்னாங்க. பெத்தவ நான் இருக்கையில அவன் எதுக்கு? வாங்குறியா, இல்ல வெத்தலையை ஆட்டுக்குப் போடவா?”
வாங்கிவிட்டேன். 

18-1
ராயப்பராஜ் கத்தினார். “தாலியறுத்தவ ரெண்டு பேரு கைமாத்துன வெத்தலைக்கு ஊதுனாங்கன்னு பேசுவாங்க. அப்புறம் எவன் கூப்பிடுவான்?”
நீங்க அதை நம்புறீங்களா என்றேன்.
“நான் நம்பலை மதினி. கூப்பிடுறவன் நம்புறானே!”
எல்லோரும் அவர் பின்னால் போய்விட்டார்கள்.

22-1
சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. வண்டி வந்து நிற்கிறது. மொக்கைச்சாமி ஒருத்தன்தான் ஏறி உட்கார்ந்திருக்கான். டிரம்மை மட்டும் அடிச்சா தண்டோரான்னு நினைப்பாங்க. ஐயோ, முத்துப்பேச்சிக்கு என்ன பதில் சொல்ல? ராயப்பராஜ் வீட்டுக்கே போறேன்.

23-1
நேற்று ராயப்பராஜ் வாசலில் நின்றேன். “அண்ணன் இருந்தா இந்தக் கல்யாணத்தை எடுத்திருப்பாரா?” என்றார்.
“எடுத்திருக்க மாட்டாரு. அவருக்கு வேற கல்யாணம் வந்துச்சு. எனக்கு இது ஒண்ணுதான் வந்திருக்கு.”
 ராயப்பராஜ் கொடியில் கிடந்த கோட்டை எடுத்து மாட்டினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் வந்து ஏறினார்கள். நானும் ஏறினேன்.
ஊர்வலத்தில் முத்துப்பேச்சி முன்னால் வரவில்லை. கடைசியில் ஒதுங்கி நடந்தாள். நானும் அங்கேதான். “உன் ஆளுக நல்லாத்தான் ஊதுறாங்க” என்று மூக்கைச் சிந்தினாள்.

3-9-1960
ஒட்டன்சத்திரத்துக்காரர் ஒருவர் மகன் கல்யாணத்துக்குக் கேட்டு வந்தார். “மேனேஜர் இல்லீங்களா?”
கிளாரினெட்டுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த ராயப்பராஜ் தலையை நிமிர்த்தவில்லை. “அதான் முன்னால நிக்கிறாங்களே, அவங்ககிட்டப் பேசுங்க.”
அந்தத் தேதியில் வேறு கல்யாணம் இருக்கிறது, இன்னொரு நாள் பார்த்து வாருங்கள் என்றேன். என் வீட்டுக்காரர் சொல்கிற மாதிரியே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. உள்ளே போய்க் கொஞ்சம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.