கதவிடுக்கில் ஸ்டூல்

8 ஜூலை, செவ்வாய்

விடாத மழை. குடை ஆபீஸிலேயே.

காலையில் பக்கத்து வீட்டு ஃபாத்திமாக்கா தையல் மூட்டை ஏற்ற, லிஃப்ட் கதவிடுக்கில் ஸ்டூல் வைத்திருந்தாள். எங்கள் தாராவிக் கட்டடத்தில் எல்லோரும் அப்படித்தான். லிஃப்ட் விளக்கு அணைந்து எரிந்தது. "சும்மா கண்ணடிக்கி பிள்ள," என்றாள்.

அந்த லிஃப்டை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டு எங்கள் கம்பெனியுடையது. புரோகிராம் நான் எழுதியது.

9, புதன்

செம்பூர் ஆபீஸ். புரோகிராமைத் திறந்தேன். எது நடந்தால் எந்த ஃபங்ஷன் ஓட வேண்டும் என்று முகவரி காட்டும் ஃபங்ஷன் பாயின்டர்களின் வரிசை. கதவு திறந்தால் ஒன்று, மூடினால் ஒன்று. 'கதவு வெகுநேரம் மூடாவிட்டால்': காலி. பிறகு எழுதலாம் என்று விட்டது. கூப்பிடும் முன் காலியா என்று பார்க்கும் ஒரு வரிகூட இல்லை.

ஸ்டூல் வைத்தால் புரோகிராம் ஒன்றுமே இல்லாத பூஜ்யம் முகவரிக்குத் தாவும். போர்டு செத்து எழும்; விளக்கு அணைந்து எரிந்தது அதனால்தான். எழுந்ததும் லிஃப்டைக் கீழே இறக்கும், கதவைப் பார்க்காமல். நேற்று லிஃப்ட் தரைத்தளத்திலேயே நின்றதால் நகரவில்லை. கதவு திறந்திருந்தால் லிஃப்டை ஓடவிடாத சுவிட்ச் தடுத்திருக்கும்; மக்கர் செய்கிறதென்று மெக்கானிக் அதை ஒயர் போட்டு முடக்கிவிட்டான்.

முதலாளி சாரிடம் சொன்னேன். "திங்கக்கிழமை புதுசு போட்டுடலாம்மா. அதுவரைக்கும் வெளியில மூச்சு விடாதே. உன் வேலையும் போயிடும், என் ஆர்டரும் போயிடும்."



10, வியாழன்

விடிந்ததும் மொட்டைமாடி மோட்டார் அறை. லிஃப்ட் ஃப்யூஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

வாங்க: உளுந்து, அம்மாவுக்கு மூட்டுவலித் தைலம்.

அம்மா நாலாம் மாடிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். "எந்தக் கட்டையில போறவன் லிஃப்டக் கெடுத்தானோ. அவன் வெளங்குவானாட்டி?"

பையைத் தோள் மாற்றிக்கொண்டேன். சொல்லப் பயம். சொல்லாமலிருக்க அதைவிடப் பயம்.

11, வெள்ளி

மழை இல்லை. அம்மா கோயிலுக்கு. கட்டட சொசைட்டி வாட்ஸ்அப் குரூப்பில் டைப் செய்தேன், 'லிஃப்டில் ஏறாதீர்கள்' என்று. அழித்தேன். மறுபடி டைப்.

கோயிலிலிருந்து திரும்பிய அம்மாவிடம், கீழ்ப் படிக்கட்டிலிருந்து ஃபாத்திமாக்கா குரல்: "பெரியம்மா, படியேறாதீய. புது ஃப்யூஸ் போட்டு லிஃப்ட் சாலு ஆயிட்டு, ஓடுது. நான் ஸ்டூல வச்சிப் பிடிச்சிக்கிடுதேன், மெள்ள ஏறுங்க."

செருப்புப் போடாமல் இறங்கி ஓடினேன். நாலாம் மாடி. அம்மா ஒரு கால் உள்ளே. தோளைப் பிடித்து இழுத்தேன், இருவரும் விழுந்தோம். விளக்கு அணைந்து எரிந்தது. கதவு திறந்தபடியே லிஃப்ட் இறங்கியது. ஸ்டூலின் கால் முறிந்தது.

ஃபாத்திமாக்கா என்னையே பார்த்தாள். "ஒனக்கு எப்படித் தெரியும் பிள்ள?"

அம்மா என் கையை விடவில்லை. புரோகிராம் நான் எழுதியது என்று சொன்ன பிறகு விட்டாள்.