குத்தகை முடிந்த கல்லறை

அன்புத் தம்பி,

காபியில் சர்க்கரைக்கட்டியை நனைத்துக்கொண்டே தாத்தா சொல்வாரே, "எங்கம்மா ஜெர்மன்ல திட்டுவா, எங்கப்பா டேனிஷ்ல சிரிப்பாரு" என்று. அதை நாம் நடித்துக் காட்டுவோம். திட்டுவது நான், சிரிப்பது நீ.

அந்த இருவரையும் தேடித்தான் டென்மார்க்கின் தென்கோடிக்கு, ஜெர்மன் எல்லையோரத்துக்கு வந்திருக்கிறேன். தாத்தா அமெரிக்காவின் நெப்ராஸ்காவுக்குக் கப்பலேறப் புறப்பட்ட ஊர் இது. பூக்களோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போனால், அதைப் பராமரிக்கும் பொடில் என்ற பெண் சிரிக்கிறாள்.

"என்னம்மா, அமெரிக்காவுல செத்தவங்களுக்கு நிலம் நிரந்தரமா? இங்க குத்தகைதான். சொந்தக்காரங்க வந்து நீட்டிக்கலேன்னா அந்த இடத்துல வேற ஆளு படுத்துக்குவாரு."

"அப்போ எங்க ஆளுங்க எங்கே?"

"கல்லை மட்டும் சுவரோரமா வச்சிருக்கோம். யாராவது வருவாங்கன்னு பார்த்துப் பார்த்துப் பாசி புடிச்சுப்போச்சு."

திட்டிய வீப்கே, சிரித்த ஆண்டர்ஸ். இரண்டு கல்லும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருந்தன. கைக்குட்டையால் துடைத்துப் பூவை வைத்தேன்.

நெப்ராஸ்காவில் அப்பா நமக்கு வாங்கிப்போட்ட கல்லறை இடத்துக்குக் கெடு எதுவும் இல்லை. அதனால்தானோ என்னவோ, இத்தனை வருஷமாக என் வாசல் மிதிக்க உனக்கும் அவசரமில்லை. நான் அங்கே போய்ப் படுத்தபிறகு பூவோடு வந்து நிற்காதே.

அடுத்த மாதம் வீடு திரும்பிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை காபிக்கு வா. நான் திட்டுகிறேன், நீ சிரி.

உன் அக்கா